அறுபதைத் தாண்டியபின் சொந்த வீடா, வாடகை வீடா: முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அத்தைக்கு மாடியும் கீழுமாக ஆறு அறை உள்ள சொந்த வீடு. இடுப்பு எலும்பு முறிந்தபின் அவர் வாழ்ந்ததெல்லாம் கீழே முன்னறையில்தான். மாடி மூன்று வருஷம் பூட்டியே கிடந்தது. அந்த மூன்று வருஷத்தில் இரண்டு முறை மேல்தளத்தில் ஒழுகலை அடைக்க ஆட்கள் வந்தார்கள். சரியாக அடைத்தார்களா என்று ஏறிப் பார்க்க அவரால் முடியாது. கேட்ட காசைக் கொடுத்தார். கடைசியில் கவனித்துக்கொள்ள முழுநேர ஆள் வைக்கப் பணம் தேவைப்பட்டது. அவசரத்தில் வந்த விலைக்கு வீடு போனது.

பெரியப்பாவின் கதை நேர் எதிர். ஆயுள் முழுக்க வாடகை வீடு. 74 வயதில் வீட்டுக்காரர் தன் மகன் குடிவர வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். பெரியப்பா ஒரு மாதம்கூட வாடகையைத் தாமதித்தவர் இல்லை, ஒழுங்காக பென்ஷன் வேறு. அப்படியும் அடுத்த வீடு கிடைக்க ஏழு மாதம் ஆனது. "வயசானவங்க ரெண்டு பேர் மட்டுமா?" என்று கேட்டவர்கள் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு, "எது லாபம்?" என்ற கேள்வி 35 வயதுக்காரர் கேட்க வேண்டியது என்று தோன்றுகிறது. அவருக்கு முன்னால் 30 வருஷச் சம்பளம் இருக்கிறது. தப்பு செய்தாலும் சரிக்கட்டிக்கொள்ளலாம். அறுபதுக்கு மேல் கேட்க வேண்டியவை வேறு. குழாய் உடைந்தால் யார் பார்ப்பது? திடீரென்று பணம் வேண்டுமென்றால் கைக்கு வருமா? என்னை யாராவது வெளியேற்ற முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் தேடத்தான் கீழே உள்ள படிகள். வரிசையாகவே போங்கள், முதல் படியைத் தாண்டிவிட்டுக் கணக்குக்குத் தாவ வேண்டாம்.

படி 1: முடிவு யாருக்காக என்று தெளிவாக்குங்கள்

ஒரு தாளில் உங்கள் இப்போதைய வயதை எழுதுங்கள். அதற்குக் கீழே 75, 80, 85, 90 என்று எழுதுங்கள். தம்பதி என்றால் இருவருக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு வயதுக்கும் நேராக, அப்போது யார் கூட இருப்பார்கள், வண்டி ஓட்டுவீர்களா, படி ஏறுவீர்களா, வங்கி வேலையை யார் பார்ப்பார்கள் என்று மனதில் பட்டதை எழுதுங்கள். துல்லியமாக இருக்க வேண்டியதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 62 வயதில் வீட்டைப் பற்றி முடிவெடுப்பவர் 62 வயதுக்காரருக்காகவே முடிவெடுக்கிறார். தோட்டம் வேண்டும், விருந்தினர் வந்தால் தங்க அறை வேண்டும், மொட்டை மாடியில் காற்று வாங்க வேண்டும் என்கிறார். சரிதான், ஆனால் அந்த வீட்டில் அதிகச் சிரமப்படப்போவது 85 வயதுக்காரர். அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அவருக்கும் ஒரு ஓட்டு கொடுங்கள்.

இன்னொரு விஷயம். இடம் மாறுவது என்று வந்தால் அது உங்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே நடக்க வேண்டும். புது இடத்தில் கடை எங்கே, மருத்துவமனை எங்கே, பக்கத்து வீட்டில் யார் என்று பழகிக்கொள்ள உடம்பிலும் மனதிலும் தெம்பு வேண்டும். 66 வயதில் மாறியவருக்கு 80 வயதில் அது பழைய வீடு. 80 வயதில் மாறுபவருக்குக் கடைசிவரை அது யாரோ ஒருவர் வீடு.

படி 2: காசுக் கணக்கு

எந்த நாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் வீட்டின் இன்றைய சந்தை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களை இதே விகிதத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சொந்த வீட்டின் வருஷச் செலவு. கடன் முடிந்துவிட்டால் "சும்மா இருக்கிறோம், வாடகை இல்லை" என்ற நினைப்பு வந்துவிடும். உண்மையில் சொத்து வரி, காப்பீடு, பொதுப் பராமரிப்புக் கட்டணம், பழுது என்று பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். பழுதுக்கு வீட்டு மதிப்பில் வருஷத்துக்கு 1 சதவீதம் என்பது பரவலான தோராயம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலம் ஒழுகாது, பெயர்ந்து விழாது. மதிப்பில் பெரும்பங்கு நிலம்தான் என்றால் கட்டடத்தின் மதிப்புக்கு மட்டும் கணக்கிடுங்கள். கட்டடம் பழையது என்றால் விகிதத்தைக் கூட்டுங்கள். அப்புறம், சின்ன வயதில் நீங்களே செய்த வெள்ளையடிப்பு, சுவிட்ச் மாற்றுவது, தொட்டி கழுவுவது எல்லாவற்றுக்கும் இனி கூலி உண்டு. அதையும் சேர்த்து, நம் உதாரணத்தில் வருஷத்துக்கு 2 என்று வைப்போம்.

அடுத்து, விற்றால் கையில் நிற்பது எவ்வளவு? தரகு, வரி, பத்திரச் செலவு, வீடு மாற்றும் செலவு எல்லாம் போக 94 என்று வைப்போம்.

மூன்றாவது எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதே அளவு வசதியுள்ள வீட்டுக்கு வருஷ வாடகை, விலையில் எத்தனை சதவீதம்? சில ஊர்களில் அது 3-க்கும் கீழே இருக்கும், சில ஊர்களில் 5-ஐத் தாண்டும். வாடகை விளம்பரங்களைப் பத்து நாள் கவனித்தால் உங்கள் பகுதிக்கான எண் தெரிந்துவிடும்.

இப்போது 65 வயதுக்காரர் ஒருவர் வீட்டை விற்று 94-ஐ முதலீடு செய்கிறார். அந்தப் பணம் பணவீக்கத்தைவிட வருஷம் 2 சதவீதம் கூடுதலாக வளர்கிறது. சொந்த வீட்டுக்குச் செலவழித்துவந்த 2 மிச்சமாகிறது. அதையும் வாடகைக்கே ஒதுக்குகிறார். விலைவாசி ஏறினால் அந்த 2-உம் கூடவே ஏறுகிறது. ஆனால் வாடகை பணவீக்கத்தைவிட ஆண்டுக்கு 2 சதவீதம் வேகமாக ஏறுகிறது. வளரும் நகரங்களில் இது நடக்கக்கூடியதுதான்.

வாடகை 3.5-இல் தொடங்கினால் அந்தப் பணம் 40 வருஷத்துக்கு மேல் தாங்கும். நூறு வயது தாண்டியும் கவலையில்லை, நடுவில் மருத்துவச் செலவுக்கும் கொஞ்சம் எடுக்கலாம். வாடகை 5-இல் தொடங்கினால் 27 வருஷத்தில் பணம் தீர்ந்துவிடும். அப்போது அவருக்கு 92 வயது. வீடும் இல்லை, பணமும் இல்லை, வாடகை மட்டும் இருக்கிறது.

அதே வீடு, அதே முதலீடு, அதே ஆள். மாறியது வாடகையின் விகிதம் மட்டும். ஆகவே "வாடகை என்பது வீண் செலவு", "வீடு என்பது முடங்கிய பணம்" என்று பொதுப்படையாகச் சொல்பவர்களைக் கேட்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். என் சொந்த அளவுகோல் இது: வருஷ வாடகை விலையில் 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் விற்றுவிட்டு வாடகைக்குப் போவதைத் தீவிரமாக யோசிக்கலாம். 5-க்கு மேல் என்றால் சொந்த வீட்டை விட்டு நகர வலுவான வேறு காரணம் வேண்டும். இடைப்பட்டது என்றால் காசு இந்தக் கேள்வியைத் தீர்க்காது. மற்ற படிகள்தான் தீர்க்கும்.

கடன் இன்னும் முடியவில்லையா? அப்படியென்றால் கணக்கே வேறு. சம்பளம் நின்றபின் தவணை கட்டுவது என்பது, வாடகைக்காரரின் மாதச் சுமையையும் சொந்தக்காரரின் பழுதுச் சுமையையும் ஒன்றாக வாங்கிக்கொள்வதுதான். ஓய்வுக்குள் அடைத்து முடிக்க வழியில்லை என்றால், சின்ன வீட்டுக்கு மாறிக் கடனை முடிப்பதை முதலில் பாருங்கள்.

படி 3: நல்ல கணக்கையும் கெடுக்கும் மூன்று விஷயங்கள்

மேலே போட்ட கணக்கில் எல்லாம் சீராக நடக்கிறது. நிஜத்தில் நடக்காது.

ஏற்றம் முதலாவது. 72-ஐ வாடகை உயரும் சதவீதத்தால் வகுத்தால் அது இரட்டிப்பாகும் ஆண்டுகள் வரும். வருஷம் 6 சதவீதம் ஏறும் வாடகை 12 வருஷத்தில் இரண்டு மடங்கு, 24 வருஷத்தில் நான்கு மடங்கு. உங்கள் பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா, அல்லது ஒரே தொகையா? ஒரே தொகை என்றால் வாடகை வாழ்க்கை ஆபத்தானது. பென்ஷன் ஏறும் வகை என்றால் வாடகையின் பயம் பாதி குறைந்துவிடும். மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, முதலீட்டின் மதிப்பு விழும் நேரம். 1994-இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் ஒரு கணக்கை வெளியிட்டார். ஓய்வு பெற்ற முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருஷம் தாங்கும் என்பது அதன் சாரம். உலகம் முழுக்க "4 சதவீத விதி" என்று இன்று பேசப்படுவது இதுதான். அவர் சோதித்தது அமெரிக்கச் சந்தையின் பழைய எண்களை. உங்கள் நாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம். ஆனால் அதற்குள் இருக்கும் பாடம் எங்கும் பொருந்தும். விற்ற பணத்தை முதலீடு செய்த முதல் இரண்டு மூன்று வருஷத்திலேயே சந்தை சரிந்தால், விழுந்த விலையில் விற்றுத்தான் வாடகை கட்ட வேண்டியிருக்கும். பிறகு சந்தை ஏறினாலும் ஏறுவதற்கு உங்களிடம் மிச்சம் இருக்காது. அதனால் வீடு விற்ற பணத்தில் குறைந்தது மூன்று வருஷ வாடகையை ஏறி இறங்காத வைப்புத்தொகையில் தனியாகப் போட்டுவையுங்கள்.

மூன்றாவது, ஆயுள். 1965-இல் பிரான்ஸின் ஆர்ல் நகரில் ஆந்த்ரே-ஃபிரான்சுவா ராஃப்ரே என்ற வழக்குரைஞர், 90 வயதான ழான் கல்மோன் அம்மையாரின் குடியிருப்பை ஓர் ஒப்பந்தத்தில் வாங்கினார். அம்மையார் உயிரோடு இருக்கும்வரை மாதம் 2500 பிராங்க் தர வேண்டும், வீடு அவர் காலத்துக்குப் பின் கிடைக்கும். அங்கே இந்த முறைக்கு 'வியாழே' என்று பெயர். ராஃப்ரே முப்பது வருஷம் கட்டினார், வீட்டின் மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு 1995-இல் இறந்துபோனார். மீதியை அவர் மனைவி கட்டினார். கல்மோன் 1997-இல் 122 வயதில் காலமானார். எண்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ராஃப்ரேயை நினைத்துக்கொள்ளட்டும். நீங்கள் 95 வரைக்குமாவது கணக்குப் போடுங்கள்.

படி 4: வீட்டை அளவுநாடாவோடு சுற்றி வாருங்கள்

65 வயதைத் தாண்டியவர்களில் சுமார் மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் ஒருமுறையாவது கீழே விழுகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதில் விழுவது வெறும் சிராய்ப்போடு போவதில்லை. நான் பார்த்தவரை, வீட்டு விஷயத்தில் அவசர முடிவுக்கு ஆளைத் தள்ளுவது பெரும்பாலும் பணக்கஷ்டம் அல்ல, குளியலறையில் ஒரு வழுக்கல்.

அதனால் இப்போது இருக்கும் வீடானாலும், போகப்போகும் வீடானாலும், கீழே உள்ளவற்றை அளந்து பாருங்கள்:

வாசலிலிருந்து படுக்கைக்கும் கழிப்பறைக்கும் ஒரு படிகூட ஏறாமல் போக முடியுமா? படி இருந்தால் சாய்தளம் போட இடம் உண்டா? பொதுவான அளவு 1-க்கு 12. அதாவது 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே படிக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மூன்று படி என்றால் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். பல வீடுகளில் அதற்கு இடமே இருக்காது.

கதவு திறந்த நிலையில் இடைவெளி 81 சென்டிமீட்டராவது இருக்கிறதா? சக்கர நாற்காலி தாராளமாக நுழைய அது தேவை. அறை, கூடம் எல்லாம் அகலமாகக் கட்டிவிட்டுக் குளியலறைக் கதவை மட்டும் குறுக்கிவைத்திருப்பார்கள். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டம் வேண்டும்.

கைப்பிடிக் கம்பி பதிக்கச் சுவர் தாங்குமா? வெறும் பலகைத் தடுப்பில் பதித்த கம்பி, பிடித்த ஆளோடு சேர்ந்து வந்துவிடும்.

மாடிக் குடியிருப்பு என்றால் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. மின்சாரம் போனால் ஓடுமா, நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு உள்ளே நீளம் உண்டா, வருஷத்தில் எத்தனை நாள் பழுதாகிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைக் காவலாளியிடம் கேட்பது நல்லது. அவர் பொய் சொல்ல அவசியமில்லை.

சொந்த வீட்டின் பெரிய பலம் இங்கேதான். சுவரை இடிக்கலாம், கம்பி பதிக்கலாம், கழிப்பறையை உயர்த்தலாம், யாரையும் கேட்க வேண்டாம். வாடகை வீட்டில் ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும், செலவு உங்களுடையது, காலி செய்யும்போது பழையபடி ஆக்கச் சொன்னாலும் சொல்வார்கள். ஆனால் வாடகைக்கும் ஒரு பலம் உண்டு. மாற்றியமைக்கவே முடியாத வீட்டை விட்டுவிட்டு, ஏற்கெனவே தோதாகக் கட்டிய வீட்டுக்கு இரண்டு மாதத்தில் போய்விடலாம். சொந்தக்காரர் வாங்க ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

படி 5: வாடகை என்றால், ஒப்பந்தத்தில்தான் உங்கள் முதுமை இருக்கிறது

சட்டம் வாடகைதாரரை எந்த அளவுக்குக் காக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் காலவரையில்லாத வாடகை ஒப்பந்தம்தான் வழக்கம். சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. அங்கே பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில் நிம்மதியாக வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் ஊரில் 11 மாதமோ ஒரு வருஷமோ கொண்ட ஒப்பந்தம்தான் வழக்கம் என்றால், அந்தப் பாதுகாப்பை நீங்களே எழுத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்? நீண்ட காலம்: மூன்று அல்லது ஐந்து வருஷம், அதற்குமேல் புதுப்பிக்கும் உரிமை உங்களிடம். ஏற்றத்துக்கு உச்சவரம்பு: வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று எண்ணாகவே எழுத வேண்டும், "அப்போதைய சந்தை நிலவரப்படி" என்ற வாக்கியம் வேண்டாம். காலி செய்யச் சொன்னால் ஆறு மாத நோட்டீஸ். வீடு கைமாறினாலும் புதிய உரிமையாளரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற விதி. பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால் இது வலுவாக நிற்கும். கைப்பிடி, சாய்தளம் வைக்க முன்கூட்டியே அனுமதி. இரவில் துணைக்கு ஒரு பணியாளர் தங்க அனுமதி. இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள், தேவைப்படும் நாளில் அது சண்டையாகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கணவன் மனைவி இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்து அவர் போய்விட்டால், துக்க வீட்டிலேயே மற்றவர் புது வாடகைக்குப் பேரம் பேச நேரிடும்.

வயதானவர்களுக்கு வீடு தரத் தயங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அவர்கள் பயம் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டுதான்: வாடகை நின்றுவிடுமோ, உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது. இரண்டுக்கும் பதிலைக் கையோடு கொண்டுபோங்கள். பென்ஷன் வரவு தெரியும் வங்கிக் கணக்குத் தாள், முந்தைய வீட்டுக்காரரின் கடிதம், அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேரின் எண்கள், வாடகை வங்கியிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடு. பெரியப்பாவுக்கு ஏழாவது மாதம் வீடு கிடைத்தது இப்படி ஒரு கோப்போடு போனபிறகுதான். முதல் மாதமே செய்திருக்கலாம்.

இதெல்லாம் கேட்டும் நீண்ட ஒப்பந்தம் தர உங்கள் பகுதியில் யாருமே சம்மதிக்கவில்லை என்றால், அதுவே ஒரு பதில். அங்கே எண்பது வயதில் வாடகைக்கு இருப்பது நல்ல யோசனை இல்லை.

படி 6: சொந்த வீடு என்றால், சுவருக்குள் இருக்கும் பணத்துக்கு ஒரு கதவு வையுங்கள்

பெரிய வீடும் காலிப் பையுமாக வாழும் முதியவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். வாடகைக்குப் போகாமலே வீட்டிலிருந்து பணம் எடுக்கச் சில வழிகள் உண்டு.

சின்ன வீட்டுக்கு மாறுவது எளியது, பழையது, பெரும்பாலும் சிறந்தது. ஆனால் இரண்டு முறை பத்திரச் செலவு, தரகு எல்லாம் போக நிஜமாக எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். பெரிய பழைய வீட்டை விற்றுவிட்டு, நல்ல இடத்தில் புதிய சின்ன வீடு வாங்கினால் மிச்சமே இல்லாமல் போவதும் உண்டு. அப்படியானாலும் மாறுவது தப்பில்லை. பெருக்கும் வேலையும் படிகளும் குறைந்தன. காசு மிஞ்சும் என்று எண்ணி மட்டும் மாறாதீர்கள்.

ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது இன்னொரு வழி. தனி வாசல் இருந்தால் நல்லது. இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு குடும்பம் இருப்பது வாடகையைவிடப் பெரிய வரவு.

அடுத்தது ரிவர்ஸ் மார்ட்கேஜ் எனப்படும் தலைகீழ் அடமானக் கடன். 1961-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கணவரை இழந்த நெல்லி யங் என்ற பெண்மணி சொந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழ ஒரு சேமிப்பு நிறுவனம் இதைத் தந்தது. இந்த வகையில் முதலாவது அதுதான் என்பார்கள். வங்கி உங்களுக்கு மாதாமாதமோ மொத்தமாகவோ பணம் தரும், நீங்கள் தவணை கட்ட வேண்டாம். உங்கள் காலத்துக்குப் பிறகோ, நிரந்தரமாக வெளியேறினாலோ வீட்டை விற்று வங்கி தன் கடனை எடுத்துக்கொள்ளும். வட்டிக்கு வட்டி ஏறும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 8 சதவீத வட்டியில், வீட்டு விலை 100 என்ற அதே கணக்கில், இன்று மொத்தமாக வாங்கிய 20 ஒன்பது வருஷத்தில் 40 ஆகும், பதினெட்டு வருஷத்தில் 80. அதனால் இதை 65 வயதில் உலகம் சுற்ற எடுக்காதீர்கள். 78-க்கு மேல் உதவியாளர் சம்பளத்துக்கு எடுப்பது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள்: கடன் வீட்டு விலையைத் தாண்டினால் மிச்சத்துக்கு வாரிசுகள் பொறுப்பா? ஒருவர் இறந்தால் துணை அங்கேயே வாழலாமா? மருத்துவமனையில் எத்தனை மாதம் தங்கினால் "வெளியேறிவிட்டார்" என்று கருதுவார்கள்?

விற்பதற்கு முன் இன்னொன்றையும் விசாரியுங்கள். சில நாடுகளில் குடியிருக்கும் வீட்டுக்குத் தனிச் சலுகை உண்டு. ஆஸ்திரேலியாவில் முதியோர் ஓய்வூதியத்துக்கான சொத்துக் கணக்கில் நீங்கள் வசிக்கும் வீடு சேராது. விற்றுப் பணமாக்கினால் அந்தப் பணம் கணக்கில் வந்துவிடும், ஓய்வூதியம் குறையலாம். உங்கள் நாட்டில் இதற்கு ஈடான விதி இருக்கிறதா என்று தெரியாமல் விற்காதீர்கள்.

படி 7: பிள்ளைகள் பெயரில் எழுதும் முன்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டால், நீங்கள் சொந்த வீட்டுக்காரரும் இல்லை, ஒப்பந்தம் உள்ள வாடகைதாரரும் இல்லை. மூன்றாவதாக ஒன்று ஆகிவிடுகிறீர்கள், அதற்குச் சட்டத்தில் பலம் குறைவு. பிள்ளை தங்கமானவராக இருக்கலாம். அவருக்குக் கடன் வரலாம், விவாகரத்து வரலாம், உங்களுக்கு முன்பே அவர் போகவும் நேரலாம். அப்போது வீடு யார் கைக்குப் போகும்?

உயில் எழுதுங்கள், அதுவே போதும். வரிக் காரணத்துக்காக இப்போதே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் இருவரின் ஆயுள் முழுக்க வசிக்கவும், வாடகைக்கு விட்டால் வருமானத்தை அனுபவிக்கவும் உள்ள உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்யுங்கள். "எங்க பிள்ளைகிட்ட இதெல்லாம் எழுதி வாங்கணுமா?" என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல பிள்ளைகள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

விற்று அந்தப் பணத்தில் பிள்ளையின் வீட்டோடு ஒரு பகுதி கட்டிக்கொள்வதும் இதே வகைதான். போட்ட பணம் பரிசா, கடனா, பங்கா என்று மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி எழுதிவையுங்கள்.

படி 8: ஒருவர் மட்டும் இருந்தால்?

இதுவரை போட்ட கணக்கை எல்லாம் ஒருவருக்காக மறுபடி போடுங்கள். ஒருவர் போனதும் வருமானம் பெரும்பாலும் குறைந்துவிடும். வாடகை அப்படியே இருக்கும், சொத்து வரியும் அப்படியே இருக்கும். இருக்கும் வீட்டை மற்றவர் தனியாக நிர்வகிக்க முடியுமா என்பதைக் கணவன் மனைவி உட்கார்ந்து பேசிக்கொள்வது அபூர்வம். பிளம்பர் எண்ணும், வரி கட்டும் தேதியும், மூல ஆவணங்கள் இருக்கும் இடமும் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வீடுகள் ஏராளம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அதை எழுதும்போதே இந்த வீடு எவ்வளவு வேலை வாங்குகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். முப்பது பக்கம் போனால் யோசிக்க வேண்டிய நேரம்.

படி 9: விற்பதற்கு முன் ஒரு வருஷ ஒத்திகை

விற்ற வீட்டைத் திரும்ப வாங்குவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால் வாடகைப் பக்கம் மனம் சாய்ந்தால், முதலில் உங்கள் வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகையில், நீங்கள் போக நினைக்கும் இடத்தில், நினைக்கும் அளவு வீட்டில் குடியிருந்து பாருங்கள்.

நான்கு விஷயங்கள் தெரியவரும். சாமான்களில் எவ்வளவு இல்லாமல் வாழ முடிகிறது. புதிய இடத்தில் வாரத்தில் எத்தனை பேரோடு பேசுகிறீர்கள். "இது நம்ம வீடு இல்லை" என்ற எண்ணம் ஆறு மாதத்துக்குப் பின்னும் உறுத்துகிறதா. பழைய வீட்டின் எந்தப் பகுதிக்காக மனம் ஏங்குகிறது. கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பல சமயம் வீடாகவே இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் எதிர்வீட்டு நண்பரோடு மாலையில் போட்ட அரட்டைக்குத்தான் ஏங்கினார். அதே தெருவில் சின்னதாக ஒரு வீடு வாடகைக்குப் பிடித்துக்கொண்டார், பெரிய வீட்டை விற்றுவிட்டார்.

ஒத்திகையின் நடுவில் உடம்புக்கு வந்தாலோ, மனம் ஒப்பாவிட்டாலோ, வருஷம் முடிந்ததும் திரும்ப வீடு இருக்கிறது. குடிவைத்தவரோடு ஒப்பந்தம் ஒரு வருஷத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படி 5-இல் நான் சொன்ன நீண்ட ஒப்பந்தத்தை உங்கள் குடித்தனக்காரரும் கேட்கக்கூடும். அவருக்கு இந்த ஏற்பாட்டை முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

கடைசிப் படி: முடிவை எழுதி, அதற்கு ஒரு காலாவதி வையுங்கள்

என் சாய்வைக் கேட்டால் சொல்கிறேன். விலைவாசியோடு ஏறாத பென்ஷன், வாடகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு, வாடகை விகிதம் அதிகம் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் சின்னதாக, தரைத்தளத்தில், கடனில்லாத சொந்த வீடு. வீட்டைத் தவிர வேறு சேமிப்பு இல்லை, வீடு பெரியது, பிள்ளைகள் தொலைவில், வாடகை விகிதம் குறைவு என்றால் விற்றுவிட்டு நீண்ட ஒப்பந்தத்தில் வாடகை. பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவே இருப்பார்கள். அவர்களுக்கு ஒத்திகைதான் பதில்.

எந்த முடிவானாலும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கீழே, "இவற்றில் இரண்டு நடந்தால் மறுபடி யோசிக்க வேண்டும்" என்று ஒரு பட்டியல் போடுங்கள்: ஒரு வருஷத்தில் இரண்டு முறை விழுந்தால், ஒரு மாதத்துக்கு மேல் மாடிக்குப் போகாமல் இருந்தால், வீட்டுச் செலவு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இருவரில் ஒருவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தினால், அருகில் இருந்த பிள்ளை இடம் மாறினால். தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியை நீங்கள் கோபித்துக்கொள்ள முடியாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடும்போது அந்தப் பட்டியலையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.